எட்டு வினாடி

பயிற்சியின் முதல் வாரம்,
செட்டிகுளம் ஜங்ஷன், மூன்றாம் மாடி.
வெள்ளைப் பலகையில் பெனிட்டோ எழுதிப்போட்டார்:
அவர்கள் சொந்தக் காலில் நிற்பவர்கள்.
எல்லாரும் சமம், பெயர் சொல்லியே கூப்பிடலாம்.
வயசு, சம்பளம், மதம், வாய் தவறியும் கேட்கக் கூடாது.
என்னையும் பெனிட்டோ என்றே கூப்பிடுங்க, என்றார்.
சரி சார், என்றோம் இருபத்தோரு பேரும்.

மூன்றாவது எனக்குப் பிடித்திருந்தது.
வடசேரியில் பஸ் ஏறினால்
பார்வதிபுரம் தாண்டுவதற்குள்
பக்கத்து சீட்டுக்காரி கேட்டுவிடுவாள்:
எந்த ஊராக்கும்? எந்த சபை?
சபை என்றால் சபை இல்லை,
அதற்குள் வேறொன்றைச் சுருட்டி வைத்துக் கேட்பது.
நானும் சுருட்டி வைத்தே சொல்வேன்.
ஞாயிறு காலை அதே வாயால் பாடுவோம்
தேவனுக்கு முன் யாவரும் ஒன்று என.
கல்லறைத் தோட்டத்துக்கு இரண்டு கேட்.

இரவு பதினொன்றே கால்.
ஓஹாயோவில் மதியச் சாப்பாட்டு நேரம்.
இந்த மேசையில் நான் விஜிலா இல்லை, விக்கி.
திரையில் ஒருவர் வந்தார்: ஹாரால்ட்.
வயசு எழுபத்து நாலு. மனைவி இல்லை.
இதயத்தில் மூன்று அடைப்பு, இரண்டு ஸ்டென்ட்.
பென்ஷன் எவ்வளவு என்பதும் இருந்தது,
இன்ஷூரன்ஸ் எதற்குக் கைவிரித்தது என்பதும்.
கேட்கக் கூடாததில்
கேட்க ஒன்றும் மிச்சமில்லை.

பதினெட்டாயிரத்து நானூறு டாலர்.

தச்சு வேலை, என்றார். நாற்பத்தாறு வருஷம்.
யாருக்கும் ஒரு சென்ட் பாக்கி வைத்ததில்லை.
மன்னிப்பு மாதிரியும் இருந்தது அது,
எச்சரிக்கை மாதிரியும்.
மாசம் ஐம்பது தருகிறேன், விக்கி.
அவர் பேசும்போதே வகுத்துப் பார்த்தேன்:
முப்பது வருஷம், எட்டு மாசம்.
எழுபத்து நாலோடு கூட்டினேன்.
பிறகு அழித்துவிட்டேன்.

ஒரு படிவம் இருக்கிறது.
வருமானம் குறைந்தவர் நிரப்பிக் கொடுத்தால்
ஆஸ்பத்திரி முக்கால் பங்கைத் தள்ளிவிடும்,
சில நேரம் முழுசையும்.
ஸ்கிரிப்ட் சொல்கிறது:
நோயாளி கேட்டால் மட்டும் தெரிவிக்கவும்.

வேறு ஏதாவது கேட்கணுமா, ஹாரால்ட்?
இல்லை.
எதுவாக இருந்தாலும் கேட்கலாம்.
இல்லை, போதும்.
கேட்காமல் விட்டது ஏதாவது...
அதோடு நிறுத்தினேன்.
அந்தப் பக்கம் ஒரு நாய் தண்ணீர் நக்குகிற சத்தம்.
கேளும், கேட்டுத்தொலையும், மனுஷா.
கேட்காமல் இருப்பதைத்தானே
இத்தனை வருஷமும் சேர்த்து வைத்திருக்கிறார்.
இரண்டு ஸ்டென்டுக்காக அதைச் செலவழிப்பாரா.

அங்கே பனியா, என்றார் கடைசியில்.
ஊர் சொல்லக் கூடாது என்பது விதி.
குளிர்தான், என்றேன்.
பொய்யில்லை, ஏசி பதினெட்டில் இருந்தது.
குளிரில்லாமல் பார்த்துக்கொள், என்று வைத்தார்.

இங்கே என்ன பெரிசாய் வாழ்கிறது என்கிறீர்களா?
போன வருஷம் அம்மாவுக்கு
ஆசாரிபள்ளத்தில் ஆபரேஷன்.
சுவரில் பெரிசாய் எழுதியிருந்தது, அனைத்தும் இலவசம்.
அந்த எழுத்துக்குக் கீழேதான்
வண்டி தள்ளியவருக்கு நூறு கொடுத்தேன்,
கதவு திறந்தவருக்கு ஐம்பது.
ஆனாலும் அம்மா வீட்டுக்கு வந்தாள்.
வந்தபோது அவள் பேரில் கடன் இல்லை.
இரண்டையும் தராசில் வைக்கத்தான் பார்க்கிறேன்,
முள் நிற்கவில்லை.

விடிகாலை மார்க் வந்தது: தொண்ணூற்று இரண்டு.
குறைத்த எட்டுக்குக் காரணம் எழுதியிருந்தார்கள்,
எட்டு வினாடி வெற்று மௌனம்.
பெனிட்டோ சார் சொன்னார், சைலன்ஸ் விடாதே விஜிலா,
அவங்களுக்கு நேரம்தான் பணம்.

கீழே டீக்கடையில் ரசவடை சூடாக.
ஷைனி பர்ஸைத் திறந்தாள், நான் தாறேன் என்று.
மாசக் கடைசி, என் பையில் முப்பது ரூபாய்,
அது அவளுக்கும் தெரியும்.
வேண்டாம், என் காசை நானே குடுக்கேன்,
என்று வெடுக்கென்று வந்தது.

அவள் என்னைப் பார்த்தாள்.
குரல் என்னுடையதுதான்.